கால்நடை கேள்வி–பதில்: வெயில், தீவனம், நாம் தேர்ந்தெடுக்கும் காளை

எங்களிடம் மூன்று ஹெச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீஷியன்) கலப்பினக் கறவைகள் இருக்கின்றன. தை, மாசியில் போட்ட சினை ஊசியில் (செயற்கைக் கருவூட்டல்) முதல் தடவையிலேயே சினை நின்றது. பங்குனிக்குப் பிறகு நான்கு தடவை போட்டும் நிற்கவில்லை. பருவத்துக்குச் சரியாக வருகிறது, கோழையும் கண்ணாடி போல் தெளிவாக இருக்கிறது. விந்து சரியில்லையா, போடுபவர் சரியில்லையா?
*வாசகர், செய்யாறு*

இரண்டையும் சந்தேகப்படுவதற்கு முன்னால் மாட்டின் உடல் சூட்டை அளந்து பாருங்கள். கால்நடைத் தெர்மாமீட்டரை மதியம் மூன்று, நான்கு மணிக்கு ஆசனவாயில் இரண்டு நிமிடம் வைத்தால் போதும். கறவை மாட்டின் இயல்பான சூடு 38.5 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். 39.2-ஐத் தாண்டி, அது மாலை வரை இறங்காமலும் இருந்தால், கருப்பையும் அதே சூட்டில்தான் இருக்கிறது.

கருவூட்டல் நடந்த முதல் இரண்டு நாளில் கரு இரண்டு, நான்கு செல்கள்தான். வெப்பத்தைச் சமாளிக்கும் புரதங்களைத் தானே தயாரித்துக்கொள்ளும் திறன் அப்போது அதற்கு வந்திருக்காது. மூன்றாம், நான்காம் நாளுக்குப் பிறகுதான் தாக்குப்பிடிக்கத் தொடங்கும். அதனால் உங்கள் மாட்டில் பல தடவை கரு உருவாகியிருக்கலாம். உருவான வேகத்திலேயே அழிந்தும் போயிருக்கலாம். அப்படி அழிந்தால் மாடு 21-ஆம் நாள் ஒன்றும் நடக்காதது போல மறுபடி பருவத்துக்கு வரும். கோழை தெளிவாக இருப்பதால் கருப்பையில் சீழோ புண்ணோ இருக்க வாய்ப்புக் குறைவு. தை மாதம் நின்ற அதே மாடு சித்திரையில் நிற்கவில்லை என்றால் சந்தேகம் முதலில் வெயில் மேல்தான் போக வேண்டும்.

வெயில் என்றால் காற்றின் சூடு மட்டும் கணக்கில்லை, ஈரப்பதமும் சேர வேண்டும். கறவை மாட்டுக்கு வெப்ப–ஈரப்பதக் குறியீடு 72-ஐத் தாண்டினால் தொல்லை தொடங்குகிறது என்பது அதிகம் பால் தரும் வெளிநாட்டு இனங்களை வைத்துச் சொன்ன கணக்கு. 25 டிகிரியும் 50 சதவீத ஈரப்பதமும் சேர்ந்தாலே 72 வந்துவிடும். 36 டிகிரியும் 40 சதவீத ஈரப்பதமும் சேர்ந்தால் 84. கடலோரத்தில் 32 டிகிரிதானே என்று நினைக்கிற நாளில் ஈரப்பதம் 70 சதவீதம் இருந்தால் அதுவும் 84-தான். கலப்பின மாடு 72-ஐ ஓரளவு தாங்கும், 84-ஐத் தாங்காது. காங்கேயம், உம்பளாச்சேரி போன்ற நாட்டு இனங்கள் தாங்குவதற்கு வியர்வைச் சுரப்பிகளும் தளர்ந்த தோலும் காரணம். கூடவே, அவற்றின் உடலுக்குள் உற்பத்தியாகும் சூடே குறைவு. பதினைந்து, இருபது லிட்டர் கறக்கிற மாடு அவ்வளவு தீவனத்தைச் செரித்தாக வேண்டும். அந்தச் சூடு வெளியேற வழி வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது: சினை ஊசி போடுவதற்கு முந்தைய நாளிலிருந்து போட்ட மூன்றாம் நாள் வரை அந்த மாட்டைக் குளிர்ச்சியாக வைத்திருங்கள். எல்லா மாட்டையும் கோடை முழுவதும் குளிர்விக்க முடியாவிட்டாலும் ஒரு மாட்டை ஐந்து நாள் கவனிக்க எவராலும் முடியும். காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து வரை, முதுகும் விலாவும் தோல் வரை நனையும்படி ஒன்றிரண்டு நிமிடம் தண்ணீர் ஊற்றிவிட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் மின்விசிறிக் காற்றில் விடுங்கள். மறுபடி நனையுங்கள். தண்ணீர் மேலே கிடப்பதால் சூடு குறைவதில்லை, அது ஆவியாகிப் போகும்போதுதான் குறைகிறது. காற்றோட்டம் இல்லாத கொட்டகையில் பனிபோல் தூவும் கருவியைப் போட்டு மூடிவைத்தால் ஈரப்பதம் ஏறி நிலைமை மோசமாகும். மெல்லிய தூவல் மயிரின் நுனியிலேயே தங்கி, தோலின் சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். பெரிய துளியாக நனைப்பதுதான் சரி.

குடிதண்ணீர் நாள் முழுக்க நிழலில் இருக்கட்டும். கறவை மாடு கோடையில் 80 முதல் 100 லிட்டர் வரை குடிக்கும். தகரக் கூரைக்கு மேல் தென்னங்கீற்றைப் போடுங்கள். அன்றாடத் தீவனத்தில் பெரும்பங்கை மாலை ஆறு மணிக்குப் பிறகும் விடியற்காலையிலும் கொடுத்தால், செரிமானச் சூடு வெயில் நேரத்தோடு சேராது. தாது உப்புக் கலவை மாட்டுக்கு தினம் 50 கிராம் போகட்டும். வைக்கோலை நம்பியிருக்கிற வீடுகளில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைவு சகஜம். அதுவும் சினையைத் தள்ளிப்போடும்.

நேரக் கணக்கிலும் ஒரு பிசகு நடக்கும். காலையில் பருவம் தெரிந்தால் மாலையிலும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையிலும் ஊசி என்பது வழக்கம். பருவம் முடிந்து பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் சினைமுட்டை வெளிவரும் என்பதால் வந்த விதி அது. கோடையில் பருவம் நீடிக்கிற நேரம் சுருங்கும், மாடு பெரும்பாலும் இரவில்தான் அறிகுறி காட்டும். காலையில் நீங்கள் பார்ப்பது பருவத்தின் கடைசிக் கட்டமாக இருக்கலாம். இரவு ஒன்பது மணிக்கும் விடியற்காலை நான்கு மணிக்கும் ஒரு நடை போய்ப் பாருங்கள். உறைவிந்துக் குச்சியை 37 டிகிரி வெந்நீரில் 30 விநாடி வைத்து உருக்கி, உடனே போட வேண்டும். சட்டைப் பையில் வைத்தோ கையில் தேய்த்தோ உருக்குவதை அனுமதிக்காதீர்கள்.

இவ்வளவு செய்தும் அடுத்த இரண்டு பருவத்தில் நிற்காவிட்டால் கருப்பையைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பரிசோதனைக்கு முன்பே ஹார்மோன் ஊசி கேட்பது வேண்டாம்.

மழை பெய்து குளிர்ந்து ஒரு மாதமாகிறது. இன்னும் சினை பிடிக்கவில்லை. வெயில்தான் காரணம் என்று சொன்னீர்களே?
*வாசகர், ஆற்காடு*

வெயில் போனதும் அதன் பாதிப்பும் போய்விடாது. இன்று வெளிவருகிற சினைமுட்டை இன்று உருவானதல்ல. அதைச் சுமக்கும் நுண்ணறை பல வாரங்களுக்கு முன்பே வளரத் தொடங்கியது. கத்திரி வெயிலில் வளர்ந்த முட்டை மழைக்காலத்தில் வெளிவந்தாலும் தரம் குறைந்ததாகவே இருக்கும். ஒன்றரை, இரண்டு மாதம் ஆன பிறகு மெல்லச் சரியாகும்.

இயற்கை முறையில் காளையை விடுபவர்கள் அதையும் கவனிக்க வேண்டும். காளையின் விதைப்பை உடல் சூட்டைவிட நான்கைந்து டிகிரி குளிர்ந்திருந்தால்தான் விந்தணு ஒழுங்காக உருவாகும். ஒரு விந்தணு உருவாகி, முதிர்ந்து, வெளியே வர ஏறத்தாழ 60 நாளுக்கு மேல் ஆகிறது. வைகாசியில் காய்ச்சலில் கிடந்த காளையோ, நிழலில்லாமல் கட்டிக் கிடந்த எருமைக் கிடாவோ ஆடி முடியும் வரை ஏறும், மிதிக்கும், ஆனால் சினை நிற்காது. ஆட்டுக் கிடாவுக்கும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். கிடாவை மாற்றுவதற்கு முன் அந்தக் காலத்தைக் கழித்துப் பாருங்கள்.

முர்ரா எருமை கன்று போட்டு ஐந்து மாதமாகிறது. பருவத்துக்கே வரவில்லை. கத்தவும் இல்லை, கோழையும் இல்லை. வறட்டெருமை ஆகிவிட்டதா?
*வாசகர், உசிலம்பட்டி*

எருமையை 'வறடு' என்று முடிவு கட்டி விற்பவர்களில் பாதிப் பேராவது அவசரப்படுகிறார்கள் என்றே எண்ணுகிறேன். எருமை, பகல் குறையும் காலத்தில் இனவிருத்திக்கு வரும் விலங்கு. பகல் நீளும்போது கண் வழியாக வரும் ஒளி மூளையில் மெலடோனின் சுரப்பைக் குறைக்கிறது, சினைப்பையும் மந்தமாகிறது. முர்ராவின் சொந்த ஊரான ஹரியானாவில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் உண்டு. சென்னையில் அது ஒன்றரை மணி நேரம், கன்னியாகுமரியில் ஒரு மணி நேரம்கூட இல்லை. எனவே நம் பக்கத்தில் பகலின் நீளத்தைவிட வெயிலும் பசுந்தீவனத் தட்டுப்பாடும்தான் பெரிய தடை. கறுத்த தோல் வெயிலை வாங்குகிறது, வியர்வைச் சுரப்பியோ மாட்டைவிடக் குறைவு. குளமும் குட்டையும் இருந்த வரை அது தன்னைத் தானே குளிர்வித்துக்கொண்டது. கட்டிப்போட்டு வளர்க்கும்போது அந்த வேலை நம்முடையதாகிறது. கோடையில் தினம் இரண்டு தடவையாவது குளிப்பாட்டுங்கள்.

இரண்டாவது விஷயம், உங்கள் எருமை பருவத்துக்கு வந்தும் உங்களுக்குத் தெரியாமல் போயிருக்கலாம். ஊமைப் பருவம் எருமையில் மிகச் சகஜம். பசுவைப் போல ஒன்றன் மேல் ஒன்று தாவாது, கோழையும் தொங்காது. படுத்திருக்கும்போது கொஞ்சம் வடிந்து தரையில் கிடக்கும். விடியற்காலை எழுப்புவதற்கு முன்னால் டார்ச் அடித்து வால் பக்கத் தரையைப் பாருங்கள். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீர் விடுவது, பாலை அடக்கிக்கொள்வது, காம்பு விறைப்பது, அறை (பிறப்புறுப்பு) உதடு தடித்துச் சிவப்பது ஆகியவை மற்ற அறிகுறிகள். ஒன்றைப் பார்த்தாலும் தேதியை எழுதி வையுங்கள், அடுத்த 21-ஆம் நாளையொட்டி நான்கு நாள் கண்காணியுங்கள். ஊரில் விதைநாளம் துண்டித்த கிடாய் எருமை யாரிடமாவது இருந்தால் காலையும் மாலையும் அருகில் ஓட்டி வரச் சொல்லலாம். அது கண்டுபிடிப்பதை எவராலும் மறைக்க முடியாது.

இப்படி இரண்டு சுற்றுப் பார்த்தும் ஒன்றும் இல்லையென்றால் மருத்துவரிடம் காட்டி, சினைப்பை வேலை செய்கிறதா என்று கை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பலன் கிடைப்பது பெரும்பாலும் புரட்டாசிக்குப் பிறகுதான்.

அதிகப் பால் தரும் காளையின் ஊசியைப் போட்டால் கன்று அதிகம் கறக்கும், ஆனால் சினை பிடிக்காது என்கிறார்கள். உண்மையா? அப்படியானால் எந்தக் காளையைக் கேட்பது?
*வாசகர், அந்தியூர்*

பெருமளவு உண்மை. அமெரிக்காவில் ஹோல்ஸ்டீன் மாடுகளை 1960-களிலிருந்து பாலை மட்டும் பார்த்தே தேர்ந்தெடுத்தார்கள். பால் ஏறியது, சினை பிடிக்கும் திறன் ஆண்டுக்கு ஆண்டு இறங்கியது. கன்று போட்ட முதல் இரண்டு மாதம், தின்கிற தீவனத்தைவிட அதிகம் கறப்பதால் மாடு தன் கொழுப்பைக் கரைத்து மடிக்கு அனுப்புகிறது. எலும்பு தெரியும் அளவுக்கு இறங்கும் மாட்டில் சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன் துடிப்பு குறைந்துவிடும். தட்டுப்பாடு வரும்போது உடல் முதலில் கைவிடுவது அடுத்த கருவைத்தான். அது ஒரு நோய் அல்ல, விலங்கு தன்னைக் காத்துக்கொள்ளும் வழி. 2003-இல் அந்நாட்டு வேளாண்துறை, காளைகளின் மகள்கள் எவ்வளவு சீக்கிரம் சினை பிடிக்கின்றன என்பதையும் மதிப்பிட்டு வெளியிடத் தொடங்கியது. அதையும் பார்த்துக் காளை தேர்ந்தெடுத்த பிறகு சரிவு நின்று, மெல்ல ஏறவும் தொடங்கியது.

ஒரே காளையை எல்லோரும் விரும்புவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 1962-இல் பிறந்த பானி ஃபார்ம் அர்லிண்டா சீஃப் என்ற ஹோல்ஸ்டீன் காளைக்கு 16,000 மகள்கள், ஐந்து லட்சம் பேத்திகள், இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட கொள்ளுப் பேத்திகள். பால் மரபணுவோடு சேர்த்து, ஒரு பழுதான மரபணுவையும் அது பரப்பியது. ஒரே பிரதி இருக்கும் மாட்டுக்கு எந்தக் குறையும் தெரியாது. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் இரண்டு பிரதி வந்த கரு மட்டும் வயிற்றிலேயே இறந்துவிடும். 2011-இல் ஆய்வாளர்கள் இதைப் பிடித்த விதம் அழகானது: பல்லாயிரம் மாடுகளின் மரபணுவைப் பார்த்தபோது, அந்த மரபணுத் துண்டு இரட்டையாக இருக்கும் மாடு ஒன்றுகூட உயிரோடு இல்லை. இல்லாததைக் கவனித்தே கண்டுபிடித்தார்கள். உலகெங்கும் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட கருச்சிதைவுகளுக்கு இது காரணம் என்று பிறகு மதிப்பிட்டார்கள். இப்போது காளைகளைச் சோதித்து ஒதுக்க முடிகிறது.

ஆனால் இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இரண்டு மாடுகளுக்கிடையே பால் அளவில் காணும் வித்தியாசத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் பரம்பரையால் வருவது. சினை பிடிப்பதில் அது 5 சதவீதத்துக்கும் குறைவு. மீதி எல்லாம் தீவனம், வெயில், நோய், நாம் கவனிக்கும் விதம். எனவே உங்கள் தொழுவத்தில் இன்று சினை நிற்காததற்குக் காளையின் பரம்பரையைக் குறை சொல்வது பெரும்பாலும் பொருந்தாது. ஒரு காளையின் மகள்கள் ஆயிரக்கணக்கில் பரவுவதால்தான் அந்தச் சிறிய 5 சதவீதமும் பத்து, இருபது ஆண்டில் ஒரு இனத்தையே மாற்றிவிடுகிறது.

சமவெளியில் இருக்கும் உங்களுக்கு என் யோசனை ஜெர்சி கலப்பு. உருவம் சிறியது, சூட்டை ஹோல்ஸ்டீனைவிட நன்றாகத் தாங்கும். வெளிநாட்டு ரத்தம் பாதியளவில், மிஞ்சினால் 62.5 சதவீதத்தில் நிற்கட்டும். ஏற்கெனவே முக்கால் பங்கு ஹெச்.எஃப். ரத்தம் இருக்கும் மாட்டுக்கு மறுபடியும் தூய ஹெச்.எஃப். ஊசி போடுவது கோடைத் தொல்லையை விலைக்கு வாங்குவது. ஊசி போடும்போது குச்சியில் அச்சிட்டிருக்கும் காளை எண்ணைக் கன்றுப் பதிவில் எழுதி வையுங்கள். அந்தக் காளைக்குப் பிறந்த கிடேரிக்கு அதே காளையைப் போடாமல் இருக்க அது ஒன்றுதான் வழி. பர்கூர் மலை மாடு வைத்திருந்தால் அதைக் கலக்காதீர்கள்; அந்த இனத்துக்குள்ளேயே காளை தேடுங்கள். கிடேரியை வைத்துக்கொள்ள முடிவெடுக்கும்போது தாயின் பாலோடு, தாய் எத்தனை மாத இடைவெளியில் கன்று போட்டது என்பதையும் பாருங்கள். 13, 14 மாதத்துக்கு ஒரு கன்று போடும் தாயின் கிடேரியை நான் முதலில் எடுப்பேன்.

மேச்சேரி செம்மறி வைத்திருக்கிறோம். ஒற்றைக் குட்டிதான் போடுகிறது. இரட்டைக் குட்டி போடும் இனக் கிடாவை வாங்கிவிட்டால் லாபம்தானே?
*வாசகர், ஓமலூர்*

கணக்கில் லாபம், மேய்ச்சலில் அப்படியே வராது. செம்மறியில் குட்டி எண்ணிக்கையை ஒரே மரபணு கூட்டுவது உண்டு. வங்காளத்துச் சுந்தரவனப் பகுதியின் கரோல் செம்மறியில் அது இருக்கிறது. 1790-களில் வங்காளத்திலிருந்து கப்பலேறிய ஆடுகள் வழியாக ஆஸ்திரேலியாவின் பூரூலா மெரினோவுக்குப் போய் அங்கே பெயர் பெற்றது. மகாராஷ்டிரத்தின் பல்டணில் உள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் கரோலிலிருந்து அதைத் தக்காணி ஆடுகளுக்குக் கொண்டுவந்து, 'நாரி சுவர்ணா' என்ற ஆட்டை உருவாக்கியது. ஒரு பிரதி இருந்தால் பெரும்பாலும் இரட்டை. இரண்டு பிரதி சேர்ந்தால் மூன்றும் வரும்; குட்டிகள் சிறுத்து, பாதுகாப்புக் குறைந்தால் இறந்துபோகும். சுந்தரவனத்தில் அது நிலைத்ததற்கு ஆடு சிறியது, குட்டியும் சிறியது, வீட்டோரம் வளர்வது என்பதெல்லாம் காரணம். வறண்ட நிலத்தில் நாள் முழுக்க நடந்து மேயும் ஆட்டில் ஒற்றைக் குட்டி தங்கியதும் காரணத்தோடுதான்: இரண்டுக்குப் பால் போதாத தாயின் குட்டிகள் தலைமுறை தலைமுறையாகக் கழிந்துபோயின.

அதனால் முதலில் தீவனத்தைச் சரிசெய்யுங்கள். கிடா விடுவதற்கு இரண்டு, மூன்று வாரம் முன்பிருந்து தலைக்கு 200 முதல் 250 கிராம் அடர்தீவனம், கிடா விட்ட பின் இரண்டு வாரமும் அதே அளவு. மெலிந்த ஆட்டில் இதன் பலன் நன்றாகத் தெரியும், ஏற்கெனவே கொழுத்த ஆட்டில் தெரியாது. 25, 30 பெட்டைக்கு ஒரு கிடா. சினைக்காலம் 150 நாள். குட்டியின் வளர்ச்சியில் முக்கால்வாசி கடைசி ஆறு வாரத்தில் நடப்பதால் அப்போதும் அதே அளவு அடர்தீவனம் கொடுங்கள். இரட்டை சுமக்கும் ஆட்டுக்கு அது கிடைக்காவிட்டால், ஈனுவதற்கு முன்பே தின்னாமல், தள்ளாடி, படுத்துவிடும்.

இவ்வளவும் முடிந்து, குட்டியின் சாவும் குறைந்த பிறகு மரபணு சோதித்த கிடாவைப் பற்றி யோசிக்கலாம். இருக்கிற கிடாவை இரண்டு ஆண்டுக்கு மேல் அதே மந்தையில் வைக்காதீர்கள். தன் மகளையே சேர்ந்து பிறக்கும் குட்டி மெலிந்து பிறக்கும், வளர்ந்தால் சினை பிடிப்பதும் தாமதமாகும்.

நாட்டுக்கோழி பதினைந்து முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடுகிறது. மூக்கில் இறகு குத்தினால் அடை தெளியும் என்கிறார்களே?
*வாசகர், மானாமதுரை*

வேண்டாம், அது வதை. அடை என்பது புரோலாக்டின் ஹார்மோன் ஏறி, முட்டையிடுவது நிற்கும் நிலை. வெதுவெதுப்பான இருட்டு மூலையும் வயிற்றில் முட்டை படுவதும் அதை வளர்க்கும். இரண்டையும் எடுத்துவிட்டால் தெளியும். அடிப்பக்கம் கம்பி வலை போட்ட கூண்டைத் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், காற்றும் வெளிச்சமும் வரும் இடத்தில் தொங்கவிட்டு, கோழியை மூன்று முதல் ஐந்து நாள் அதில் வையுங்கள். தீவனமும் தண்ணீரும் வழக்கம் போல. ஒன்றிரண்டு வாரத்தில் மறுபடி முட்டையிடும்.

வெள்ளை லெகார்ன் ஆண்டுக்கு 300 முட்டை இடுவது, அடைக்கு உட்காராத கோழியையே தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்ததால். பண்ணைக்காரர்கள் அதற்கு 16 மணி நேர வெளிச்சமும் கொடுக்கிறார்கள். உங்கள் கோழிக்கும் மாலையில் ஒரு விளக்கு போட்டு மொத்தம் 14 மணி நேரம் ஆக்கலாம், வாரம் அரை மணி நேரமாகக் கூட்டி. வளரும் பருவக் குஞ்சுக்குப் போடாதீர்கள். உடல் முற்றும் முன் முட்டையிட்டு ஆசனவாய் வெளித்தள்ளிவிடும். எல்லாக் கோழியின் அடையையும் கலைக்கவும் வேண்டாம். நன்றாகப் பொரித்து வளர்க்கிற இரண்டு மூன்றை அதற்கென்று விட்டுவையுங்கள்.

பசு இரட்டைக் கன்று போட்டது, ஒன்று காளை, ஒன்று கிடேரி. கிடேரியை வளர்க்கலாமா?
*வாசகர், பண்ருட்டி*

காளையோடு ஒரே வயிற்றில் வளர்ந்த கிடேரிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் மலடு. இரண்டின் நஞ்சுக்கொடி ரத்தக்குழாய்களும் இணைந்துவிடுவதால், காளைக் கன்றின் ஹார்மோன்கள் கிடேரியின் கருப்பையை வளரவிடாமல் தடுத்துவிடும். வெளியே பார்த்தால் சாதாரணக் கிடேரிதான். மூன்று ஆண்டு தீவனம் போட்ட பிறகு தெரிந்துகொள்வதைவிட, முதல் மாதத்திலேயே மருத்துவரிடம் காட்டுங்கள். மழுங்கிய குழாயை மெதுவாகச் செலுத்தி யோனியின் ஆழத்தை அளப்பார். இயல்பான கன்றில் 13 முதல் 15 சென்டிமீட்டர் வரை போகும், மலட்டுக் கன்றில் பாதியோடு நின்றுவிடும். நீங்களே குச்சியை விட்டுப் பார்க்காதீர்கள், கிழித்துவிடும். காளைக் கன்றுக்கு இதனால் பெரிய பாதிப்பில்லை.